இளைத்தவனுக்கு எள்ளும் வேண்டும், கொள்ளும் வேண்டும்

தமிழ்நாட்டில் காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்களுக்கு மார்பளவு குறைந்தது 81 செ.மீ. இருக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இந்த டேப்பிடம் தோற்றுப்போகும் பையன்கள் உண்டு. சட்டையைக் கழற்றிக் கையைத் தளர்த்தி நிற்பார்கள். டேப் மார்பைச் சுற்றி வரும். மூச்சை இழுக்கச் சொன்னதும் கழுத்து நரம்பு புடைக்கும், விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும், டேப் மட்டும் 84-ஐத் தாண்டாது. ஓட்டத்திலும் நீளம் தாண்டுவதிலும் கயிறு ஏறுவதிலும் இவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. உயரம் 172 செ.மீ., எடை 54 கிலோ என்ற கணக்கில் இருக்கும் உடம்பு.

பயிற்சி மைதானத்தில் இவர்கள் கேட்கும் கேள்வியும் அதற்குக் கிடைக்கும் பதிலும் மாறுவதே இல்லை. “அண்ணே, செஸ்ட் ரெண்டு சென்டி கம்மியா இருக்கு, மூணு மாசத்துல ஏத்திடலாமா?” “தினம் ஆறு வாழைப்பழம் சாப்பிடு தம்பி, தன்னால ஏறும்.” தன்னால் ஏறாது. வாழைப்பழம் நல்லதுதான், ஆனால் அது மார்பில் தசையாகப் போய் ஒட்டிக்கொள்ள வேறு ஒரு வேலை நடந்தாக வேண்டும்.

“எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது” என்று சொல்லாத ஒல்லி மனிதர் இல்லை. அதில் பாதி உண்மை. 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி உணவு கொடுத்தார்கள். ஒருவருக்கு 4 கிலோவுக்கு மேல் கொழுப்பு ஏறியது. இன்னொருவருக்கு அரை கிலோகூட ஏறவில்லை. ஏறாதவர்கள் உடற்பயிற்சி எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. காலை ஆட்டுவது, எழுந்து நடப்பது, நிமிர்ந்து உட்காருவது என்று தங்களுக்கே தெரியாமல் அசைந்து அசைந்து அந்தக் கலோரியை எரித்துவிட்டார்கள். சும்மா உட்காரத் தெரியாத பிள்ளை என்று வீட்டில் திட்டு வாங்கும் ரகம்.

மீதிப் பாதிக்குக் கனடா போக வேண்டும். 1990-ல் வெளியான ஆய்வு அது. க்யூபெக்கில் ஒரே கருவில் உருவான இரட்டையர் 12 ஜோடிக்குக் கண்காணிப்பில் வைத்து 84 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அதிகம் ஏறியவர் 13 கிலோ, குறைவாக ஏறியவர் 4 கிலோ. ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் இருந்த வித்தியாசம், ஜோடிக்கு ஜோடி இருந்ததைவிட வெகுவாகக் குறைவு. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்கு இதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த 4 கிலோ. அளந்து, விடாமல் கொடுத்தபோது அந்த 24 பேரில் ஏறாத உடம்பு என்று ஒன்றுகூட இல்லை.

நம் பையனின் ஒரு நாளைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். காலையில் டீயும் இரண்டு பிஸ்கெட்டும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இட்லி மூன்றோடு நின்றுவிடும். மதியம் டப்பாவில் புளிச்சோறு. சாயங்காலம் மறுபடி டீ. ராத்திரி நான்கு பரோட்டா, சால்னா. அந்த நான்கு பரோட்டாதான் அவருக்கு நினைவில் நிற்கிறது. ‘நிறையத் தின்றேன்’ என்கிறார். ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், அதிலும் புரதம் மிகக் குறைவாக இருக்கும்.

எடை கூட்டும் வழிக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறு வயதிலிருந்தே ஒல்லியாக இருப்பது வேறு, இருந்த எடை இறங்குவது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல் என்றால் காசநோய்ப் பரிசோதனை; அரசு மருத்துவமனையில் இலவசம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரை. படபடப்பு, கை நடுக்கம் என்றால் தைராய்டு. ஒல்லியாக இருப்பவருக்குச் சர்க்கரை வராது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. சிறு வயதில் சத்துக் குறைவால் மெலிந்தவர்களுக்கு வரும் ஒருவகைச் சர்க்கரை நோயை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2025-ல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று தனியாக ஏற்றுக்கொண்டது.

நம்மூர் ஒல்லி உடம்பைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் நினைத்துக்கொள்வது ஒரு புகைப்படத்தைத்தான். 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியெண் 22.3, துல்லியமாக ஒன்றே. உடம்பில் கொழுப்போ, யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனே பகுதியில் பிறக்கும் குழந்தைகளை யாஜ்னிக் குழுவினர் இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோதும் இதையேதான் கண்டார்கள். இங்கே சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5. நம் குழந்தைகளுக்குப் பெரிதும் குறைந்திருந்தது தசை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

ஆகவே நம்மில் ஒல்லியாக இருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது தசை. எடை அதன் கூடவே வரட்டும். வெறும் சாப்பாட்டை ஏற்றினால் கைகால் குச்சியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னால் வரும். இரண்டு வருடம் கழித்து அதே ஆள் தொப்பையைக் குறைக்க வழி கேட்டு வருவார்.

தசை வளர அதற்கு ஒரு காரணம் வேண்டும். இப்போதிருக்கும் பலம் போதாது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தண்டால், பஸ்கி, பாரில் தொங்கி மேலே ஏறுவது, தரையிலிருந்து பாரம் தூக்குவது. இந்த நான்கு போதும் ஆரம்பத்துக்கு. எண்ணிக்கையோ பாரமோ வாரா வாரம் கொஞ்சம் கூட வேண்டும். ஒரு நாள் 12 தண்டால் எடுத்து 13-வது முடியாமல் போனால், அடுத்த வாரம் அந்த 13-ஐ எடுக்க வேண்டும். இருபதைச் சுலபமாகத் தாண்டிவிட்டால் காலைத் திண்ணைமேல் வைத்து எடுங்கள், அல்லது முதுகுப் பையில் அரிசியை நிரப்பிக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் அதே 20 தண்டாலை எடுப்பவருக்கு அதே மார்புதான் இருக்கும்.

முதல் சில வாரங்களில் பலம் கூடும், கண்ணாடியில் எதுவும் தெரியாது. நரம்புகள் தசையை இயக்கப் பழகும் காலம் அது. நிறையப் பேர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஜிம்முக்குப் பணம் கட்டி இரண்டாம் மாதம் நின்றுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னும் ஆறு வாரம் தாக்குப்பிடித்திருந்தால் சட்டை தோளில் பிடித்திருக்கும். வாரம் மூன்று நாள் போதும். இடையில் ஓய்வும் இரவில் ஏழெட்டு மணி நேரத் தூக்கமும் கட்டாயம். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டே எடை ஏறவில்லை என்பவர் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். எள்ளில் எண்ணெய்ச் சத்து நிறைய, சிறிதளவே நிறையக் கலோரி தரும். அதுவரை பழமொழி சரி. ஆனால் கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, அதைக் கொழுத்தவருக்கே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பாரம் தூக்கித் தசை வளர்ப்பவருக்கு 1.6 கிராம் வரை பயன்படும். 55 கிலோ ஆளுக்கு 88 கிராம். நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16, ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12, ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. மிச்சத்தை இட்லி, சோறு, பருப்பு, மீன் பார்த்துக்கொள்ளும். முட்டை சாப்பிடாதவர்கள் பருப்பையும் தயிரையும் கூட்டி, சோயா உருண்டையையும் சேர்க்கலாம்.

வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 400, 500 கலோரி போதும். இரண்டு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி கடலை, கணக்கு முடிந்தது. பசி மந்தமானவர்கள் தட்டின் அளவைக் கூட்டாமல் வேளையைக் கூட்டலாம். உளுந்தங்களியில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி தாராளமாக விட்டால் 120 கலோரி சத்தமில்லாமல் ஏறும். சாப்பிடுவதற்கு முன் தண்ணீராலும் டீயாலும் வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

டப்பா டப்பாவாக விற்கும் எடை கூட்டும் பவுடர்களில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம். ஆனால் காசு வீண் என்பதோடு போகாத ஒன்று இருக்கிறது. ‘ஒரே மாசத்தில் குண்டாகலாம்’ என்று பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கும் மாத்திரைகளிலும் பவுடர்களிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை தெரியவந்திருக்கிறது. பசி எடுக்கும், நீர் கோத்து முகம் உப்பும், கன்னம் வந்துவிட்டது என்று வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள். உள்ளே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். தொடை, தோள் தசையை அந்த மருந்தே கரைத்துவிடும். தசைக்காக வந்த பையனுக்குத் தசையைத் தின்னும் மருந்தைக் கொடுப்பதை மன்னிக்கவே முடியாது. ஏற்கெனவே பழகியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். ஜிம்மில் யாராவது ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் அந்த ஜிம்முக்கே போகாதீர்கள்.

இதெல்லாம் ஆண்களுக்கு என்று பெண்கள் ஒதுங்கிவிடக் கூடாது. 45 கிலோ இல்லை என்று ரத்ததான முகாமில் திருப்பி அனுப்பப்படும் பெண்களுக்கு, கல்யாணத்துக்கு முன்னால் ‘சதை போட’ பாதாமும் பழச்சாறும் கொடுப்பதோடு நம் வீடுகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பஸ்கியும் பாரமும் பெண்ணுக்குத் தசையோடு எலும்பையும் உறுதியாக்கும். முப்பது வயதுக்குள் சேரும் எலும்புதான் பிற்காலத்துக்கு. கை முரடாகிவிடும் என்ற பயம் வேண்டாம்; அவ்வளவு பெரிய தசை வளரப் பெண்ணுடம்பில் அதற்கான ஹார்மோன் மிகக் குறைவு.

வாரம் ஒருநாள், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதம் ஒரு கிலோ ஏறினால் அருமையான வேகம். கூடவே மார்பையும் இடுப்பையும் டேப்பால் அளந்து, தண்டால் எண்ணிக்கையோடு ஒரே நோட்டில் எழுதுங்கள். இடுப்பு மட்டும் கூடினால் பாரத்தைக் கூட்டுங்கள். எதுவுமே அசையவில்லை என்றால் மதியச் சோற்றில் இன்னொரு கரண்டியும், ராத்திரி இன்னொரு முட்டையும்.