கீபோர்டு வாங்கும் முன்

குறிஞ்சிப்பாடி தறிக்காரர் வீட்டில் பியானோவைப் பற்றி விளக்குவது சுலபம். குழித்தறியில் கால் மிதிக்கும் நேரமும் கை நாடாவை ஓட்டும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். பியானோவிலும் அதே கதைதான். வலது பெடலை மிதித்தால் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒலி நீளும். அடுத்த சுரக்கூட்டு விழும் நொடியில் காலைத் தூக்கி மறுபடி மிதிக்க வேண்டும். சற்றுப் பிந்தினாலும் பழைய ஒலியும் புதியதும் கலந்து குழம்பிவிடும்.

கட்டையை அழுத்தும்போது உள்ளே கம்பளிச் சுத்தியல் ஒன்று எழும்பிக் கம்பியைத் தட்டுகிறது. கட்டைகள் 88, கம்பிகள் 200க்கும் மேல். எவ்வளவு வேகமாக அழுத்துகிறோமோ அவ்வளவு சத்தம். இந்தக் கணக்கை விரல் கற்றுக்கொள்ளத்தான் வருடங்கள் ஆகின்றன. ஸ்பிரிங் வைத்த 61 கட்டைக் கீபோர்டில் அது வராது. அதிலேயே ஐந்து வருடம் பழகிவிட்டுப் பியானோ முன் உட்காரும் பிள்ளைக்கு முதல் நாளே கை வலிக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பாதை லண்டன் டிரினிட்டி காலேஜின் கிரேடு தேர்வுகள். எட்டு கிரேடு, அதற்கு மேல் டிப்ளமோ. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் ரஷ்ய முறைப் பியானோ பயிற்சி உண்டு. லிடியன் நாதஸ்வரம் என்ற பியானோ கலைஞர் படித்தது அங்கேதான். 2019இல், 13 வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் வென்றார். அவர் விரல்களின் வேகத்தைப் பார்த்துத்தான் பல வீடுகளில் ஆசை பிறந்தது. ஆனால் வேகம் கடைசியில் வருவது. மெதுவாக, ஒவ்வொரு கையாக, ஒரே நாலு வரியை நாற்பது தடவை வாசிப்பதுதான் அன்றாடப் பயிற்சி. பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும்!

சரி, பிழைப்பு? மேடையில் தனியாக வாசித்தே வாழ்பவர்கள் உலகம் முழுக்கவே கொஞ்சம் பேர். வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஷோபின் போட்டி போன்றவற்றில் ஜெயிப்பவர்களுக்கு அந்தக் கதவு திறக்கும். மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள், தேவாலயத்தில், ஹோட்டலில், சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்கிறார்கள். பெரும்பாலோர் இதில் இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் அதில் குறைவு ஒன்றும் இல்லை.

சென்னைப் பியானோ கலைஞர் அனில் சீனிவாசன் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டார். பியானோவில் கர்நாடக இசையின் கமகம் வராது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. அவர் பாடகர் சிக்கில் குருசரணின் பாட்டோடு சேரும்போது குரல் கமகத்தைப் பார்த்துக்கொள்கிறது, பியானோ அடியில் சுரக்கூட்டுகளை விரிக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தரும் நிறுவனமும் நடத்துகிறார்.

இனி, எதை வாங்குவது? கடலோரத்து ஈரக்காற்றில் மரப் பியானோ வைத்துக் காப்பாற்றுவது சிரமம். கட்டை ஊதிச் சிக்கும், கம்பி துருப்பிடிக்கும், சுதி கலையும். 88 வெயிட்டட் (கனம் வைத்த) கட்டை கொண்ட டிஜிட்டல் பியானோ போதும், பழையதானாலும் பரவாயில்லை. கடையில் இடது கோடிக் கட்டையையும் வலது கோடிக் கட்டையையும் மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். இடது சற்றுக் கனமாக இருந்தால் நிஜப் பியானோவின் கையமைப்பு. இரண்டும் பஞ்சு மாதிரி இறங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.