கிஸ்தி ரசீதை வாங்கிப் பாருங்கள்

நிலத்தீர்வை பசலி ஆண்டுக் கணக்கில் வசூலாகிறது. பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலையில் பிறந்தது 1435-ம் பசலி. கிராம நிர்வாக அலுவலரிடம் கிஸ்தி கட்டியதும் ரசீதில் பட்டா எண், பசலி, தொகை மூன்றையும் அங்கேயே சரிபார்க்க வேண்டும். சொற்பத் தொகைதானே என்று பாக்கி வைக்க வேண்டாம். 1864-ம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி விளைச்சலையும், ஏன், நிலத்தையுமே ஜப்தி செய்ய இடமுண்டு.

கூட்டுப் பட்டாவில்தான் தகராறு அதிகம். அண்ணன் கட்டி ரசீதை வைத்துக்கொள்வார். தம்பி கையில் ஒன்றும் இராது. ரசீது மட்டும் நிலத்தைச் சொந்தமாக்கிவிடாது, ஆனால் அனுபவத்துக்கு அது நல்ல சாட்சி. தம் பங்குக்குத் தனிப் பட்டா வேண்டுவோர் பாகப் பத்திரம், வாரிசுச் சான்றுடன் ஜமாபந்தியில் மனுக் கொடுக்கலாம்.