ஓதும் வயதிலேயே உயிர்களை நேசிக்கச் சொல்லிக் கொடுப்போம்



தெருநாயைக் கண்டதும் நம் பிள்ளைகளில் சிலர் கல்லைத் தேடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், “அது நஜீஸ்தானே” என்கிறார்கள். நாயின் எச்சில் பட்டால் கழுவ வேண்டும் என்பது சுத்தம் பற்றிய சட்டம். நாயை அடிக்க அதில் அனுமதி இல்லை. சட்டத்தை ஓதிக் கொடுத்துவிட்டுக் கருணையைச் சொல்லும் சம்பவங்களை விட்டுவிட்டால் பிள்ளை பாதி மார்க்கத்தைத்தான் கற்கிறது. சின்ன வயதில் அறிவுரையைவிடக் கதைதான் மனதில் தங்கும். அந்தக் கதைகள் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. நம் தெருவில் பிள்ளை பார்க்கும் உயிரோடு ஒவ்வொன்றையும் சேர்த்துச் சொன்னால் அது பழக்கமாகவும் மாறும்.

தாகித்த நாய்

வழிப்போக்கர் ஒருவர் தாகத்தால் கிணற்றில் இறங்கி நீர் குடித்தார். மேலே வந்தால், ஒரு நாய் தாகம் தாங்காமல் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்தது. மீண்டும் இறங்கி, தன் காலணியில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்வியபடி ஏறி வந்து புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. மதுரை வெயிலில் வாசலோரம் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். தினமும் சட்டியைக் கழுவி நீர் மாற்றினால் கொசு வராது. தெருநாயைத் தொடக்கூடாது, கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ஊசி போட வேண்டும்.

எறும்பும் ஹுத்ஹுதும்

பசு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகியவற்றின் பெயரில் குர்ஆனில் அத்தியாயங்கள் உள்ளன. எறும்பின் பெயருள்ள 27ஆம் அத்தியாயத்தில், ஸுலைமான் நபி (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு மற்ற எறும்புகளை எச்சரிக்கிறது. அதைக் கேட்டுப் புன்னகைத்த நபியவர்கள் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறார்கள். வரிசையாகப் போகும் எறும்பை விளையாட்டுக்கு மிதிக்கும் பிள்ளைக்கு இந்த ஒன்று போதும்.

அதே அத்தியாயத்தில் ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவரும் ஹுத்ஹுத், நம் ஊர்க் கொண்டலாத்திதான். விசிறிபோல் விரியும் கொண்டையும் இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டையும் அடையாளம். திறந்த வெளிகளில் நீண்ட அலகால் மண்ணைக் கிண்டிப் புழு பூச்சிகளைத் தின்னும். ஓதிய பறவையை நேரில் பார்க்கும் பிள்ளைக்கு அந்த வசனம் மறக்காது.

குஞ்சைப் பிரிந்த தாய்ப்பறவை

ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் (அபூதாவூத்). புறாக்குஞ்சையோ அணில் குட்டியையோ கூட்டிலிருந்து எடுத்து வளர்க்கக் கேட்கும் பிள்ளையிடம், தாயின் தவிப்பை முதலில் சொல்லுங்கள்.

அழுத ஒட்டகமும் குர்பானி ஆடும்

அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நாயகத்தைக் கண்ட ஒட்டகம் கண்ணீர் விட்டது. அதைத் தடவிக்கொடுத்த நபியவர்கள், பட்டினி போட்டு வேலை வாங்குவதாக உங்கள்மீது இது முறையிடுகிறது என்று உரிமையாளரைக் கண்டித்தார்கள் (அபூதாவூத்). பக்ரீத்துக்கு ஆடு வீட்டுக்கு வரும் நாட்களே இதைச் சொல்ல ஏற்ற நேரம். ஆட்டின் மேல் ஏறி செல்ஃபி எடுப்பது, காதைப் பிடித்து இழுப்பது எல்லாம் வேண்டாம். நிழலில் கட்டி, தழையும் நீரும் வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆட்டின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக்கூடாது என்பதும் நபிவழிதான்.

நம் தமிழில் ஒரு மான்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணைநின்ற படலம்’ என்றே ஒரு பகுதி உண்டு. வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பாலூட்டித் திரும்புவதாகக் கேட்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. இதைக் காப்பியக் கதையாகவே சொல்லுங்கள், ஸஹீஹான ஹதீஸ்களோடு சேர்க்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டிலேயே நம் முன்னோர் இரக்கத்தைத் தமிழில் பாடினார்கள் என்று பிள்ளைகள் அறியட்டும்.

சொல்லும் முறை

மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் போனை வைத்துவிட்டு, வாரம் ஒரு கதை சொன்னால் போதும். முடித்ததும் “நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். பூனையைப் பட்டினி போட்டு நரகம் சென்ற பெண்ணின் ஹதீஸைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு சொல்லலாம். சிறு பிள்ளைக்குப் பயத்துக்கு முன் பாசம் வரட்டும்.

விடுமுறையில் பக்கத்திலுள்ள வண்டியூர் கண்மாய்க்கு அழைத்துப்போய்க் கொக்கையும் நீர்க்காகத்தையும் காட்டுங்கள். கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் காட்டுங்கள். மேலூர் அருகே, 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் வாழ்கின்றன.

நாம் நட்ட மரத்திலிருந்து ஒரு பறவை தின்றாலும் அது நமக்கு ஸதகா என்பது நபிமொழி. தண்ணீர்ச் சட்டி வைக்கும் பிஞ்சுக் கைகளுக்கும் அல்லாஹ் அந்த நற்கூலியை வழங்குவானாக. ஆமீன்.