மேலே நிற்பவருக்குத்தான் பாடம்

ஆலைத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக் குழுக்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி எங்கே தொடங்க வேண்டும்?

‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி மூவர் பலி.’ இந்தத் தலைப்பை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஊரும் ஆலையும் மாறும். செய்திக்குள் இருக்கும் வரிசை மட்டும் மாறுவதில்லை. முதலில் ஒருவர் இறங்கினார்; மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். இருவரிடமிருந்தும் சத்தம் வராததால் மூன்றாமவரும் இறங்கினார். வேலைக்காக இறங்கியவர் ஒருவர்தான். மற்ற இருவரும் இரக்கத்தால் இறந்தவர்கள்.

இந்த வரிசை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் உயிரிழப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்றது அது. தொட்டி, சம்ப், பாய்லர், மேன்ஹோல், கப்பலின் அடித்தளம் என்று ஆள் நுழைய முடிந்தாலும் எளிதில் வெளியேற முடியாத, ஆள் தங்கி வேலை செய்வதற்கென்று கட்டப்படாத இடங்கள் எல்லாமே இதில் அடங்கும். ஆலைகளில் இவற்றை ‘கன்ஃபைன்டு ஸ்பேஸ்’ என்பார்கள்.

இதற்கான பயிற்சி என்றதும் பெல்ட் மாட்டுவது, முகமூடி போடுவது என்று இறங்குபவருக்கான பாடமே நினைவுக்கு வருகிறது. அந்த 60 சதவீதத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முதல் மாணவர் மேலே நிற்பவர். அடுத்த மாணவர், இறங்க அனுமதி தரும் பர்மிட்டில் கையெழுத்துப் போடுபவர். அதற்கும் மேலே, வேலைக்கு ரேட் பேசுபவர்.

வாரம் ஒரு தொட்டி

ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்குத் தன் தொட்டிகளோடு பழக்கம் உண்டு. எந்தக் குழாயில் என்ன வரும், எந்த மூடியைத் திறந்தால் கண் எரியும் என்று தெரிந்து வைத்திருப்பார். சுத்தம் செய்ய வரும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்த வாரம் சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டி, அடுத்த வாரம் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் டேங்க், அதற்கடுத்து ஷட்டவுனில் நிற்கும் பாய்லர். ஒவ்வொன்றிலும் ஆபத்து வேறு.

தோல் பதனிடும் ஆலையை எடுத்துக்கொள்வோம். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரில் காரம் இருக்கும்வரை சல்ஃபைடு நீரிலேயே கரைந்து கிடக்கும். அடுத்தடுத்த கட்டங்களிலிருந்து வரும் அமில நீர் அதே தொட்டியில் கலந்தால், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்கும் குழுவுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

இந்த வாயுவின் கொடுமை அதன் நாற்றத்தில் இல்லை. நாற்றம் நின்றுபோவதில் இருக்கிறது. மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும். “நாத்தம் போயிடுச்சு, இப்ப இறங்கலாம்” என்று சொல்லும் அந்த நேரம்தான் மிக மோசமான நேரமாக இருக்கக்கூடும். அளவு 500ஐத் தாண்டி 1000ஐ நெருங்கினால் சில மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார்.

மொலாசஸ் டேங்கில் எந்த நாற்றமும் எச்சரிக்காது. அடியில் தங்கிய பாகு புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் கீழேயே தேங்கும். மூடி வைத்த வெறும் இரும்புத் தொட்டியும் நம்பத்தக்கதல்ல. உட்சுவர் துருப்பிடிக்கப் பிடிக்க, உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் துரு எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த சுத்தமான, காலியான தொட்டியில் விஷம் என்று எதுவும் இருக்காது. மூச்சுவிடக் காற்றும் இருக்காது.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் கிராமத்துப் பழக்கம். ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்குக் கீழே போனால் சுடர் அணைந்துவிடும் என்பதால் அதில் அறிவு இருக்கிறது. ஆலைத் தொட்டிக்கு அது உதவாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம்வரை இருந்தால் அந்த விளக்கே தொட்டியை வெடிக்க வைத்துவிடும்.

அதனால்தான் நான்கு வாயு மீட்டர். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் அது காட்டும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே இருந்தாலும் 23.5க்கு மேலே இருந்தாலும் இறங்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன் அளவைத்தான். பெரும்பாலான மீட்டர்களில் எரியும் வாயுவை அறியும் சென்சார் சரியாக வேலை செய்யவே ஆக்சிஜன் தேவை. அது குறைந்திருந்தால் மற்ற எண்ணை நம்ப முடியாது. அடுத்து எரியும் வாயு, பிறகு விஷ வாயுக்கள். மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்று மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். மீத்தேன் மேலே நிற்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு கீழே படியும். தொட்டியின் வாயருகே மீட்டரை நீட்டி “ஜீரோ காட்டுது” என்பது சோதனை ஆகாது. நீளமான டியூப் வழியாகக் காற்றை இழுத்தால், அது மேலே வந்து சேரும்வரை பொறுத்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும்.

மீட்டருக்கும் குருட்டுப்புள்ளி உண்டு. மொலாசஸ் டேங்கில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியோஷ் வகுத்த 4 சதவீத எல்லையை அது தாண்டிவிட்டது. அது இடம்பிடித்ததால் ஆக்சிஜன் 20.9இலிருந்து சுமார் 19.9க்குத்தான் இறங்கியிருக்கும். 19.5இல் கத்த வேண்டிய அலாரம் கத்தாது. வழக்கமான நான்கு வாயு மீட்டரில் கார்பன் டை ஆக்சைடு சென்சார் கிடையாது. உள்ளே என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகே எந்த மீட்டர் என்று முடிவு செய்ய முடியும்.

சுத்தம் செய்யும் குழுக்களுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. காலையில் சோதித்தபோது அசையாமல் கிடந்த சேறு, மண்வெட்டி பட்டதும் குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி உள்ளே அடக்கி வைத்திருந்த வாயுவைக் கக்கும். பைப் வெல்டருக்கோ பெயின்டருக்கோ இல்லாத பிரச்சினை இது; இங்கே சேற்றைக் கிளறுவதுதான் வேலையே. இறங்கும் முன் எடுத்த ரீடிங் வேலைக்கு முந்தைய காற்றைப் பற்றித்தான் சொல்கிறது. மீட்டர் இறங்கியவரின் மார்பருகே தொங்க வேண்டும், வேலை முடியும்வரை ஓட வேண்டும்.

காற்றை உள்ளே ஊதும் ப்ளோயரும் அப்படித்தான்; சிறிது நேரம் ஓட்டினால் போதாது. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி ஆழம் என்றால் தொட்டியின் கொள்ளளவு 1000 கன அடி. டக்ட் வழியாக நிமிடத்துக்கு 500 கன அடி காற்று உள்ளே போனால், இரண்டு நிமிடத்தில் காற்று மாறிவிட்டதாகக் கணக்கு வரும். புதுக் காற்றும் பழைய காற்றும் கலப்பதால் அப்படி நடப்பதில்லை. ஏழெட்டு முறை மாற்ற வேண்டும் என்பதே நடைமுறைக் கணக்கு. அதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். டக்டின் முனை அடிவரை போக வேண்டும். ப்ளோயர் காற்றை இழுக்கும் இடத்தில் டீசல் ஜெனரேட்டரின் புகை இருக்கக் கூடாது. இருந்தால், கார்பன் மோனாக்சைடை நாமே உள்ளே அனுப்புகிறோம் என்று பொருள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனை அதைவிட மோசம். ஆக்சிஜன் கூடிய இடத்தில் சிறு பொறிகூடத் துணியைப் பந்தமாக்கிவிடும்.

கயிற்றின் மேல்முனை

தொட்டிக்கு வெளியே நிற்பவருக்கு ஒரே வேலைதான்: நிற்பது. கேட்க எளிது, செய்வது கடினம். “இவன் சும்மாதானே நிக்கிறான், ஒரு டீ வாங்கிட்டு வரட்டும்” என்று சூப்பர்வைசர் சொல்வார். போகக் கூடாது. உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டர் அலாரம் அடித்தாலோ பேச்சு குழறினாலோ பதில் தாமதமானாலோ வெளியே வரச் சொல்ல வேண்டும். வராவிட்டால் இழுக்க வேண்டும்.

இழுக்க முடிகிற ஏற்பாடு ஆள் இறங்குவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் பயிற்சியின் உயிர்நாடி. திறப்புக்கு மேல் மூன்று கால் ட்ரைபாட், அதில் விஞ்ச், விஞ்சின் கம்பி இறங்குபவரின் முழு உடல் ஹார்னஸில் முதுகுப்புற வளையத்தோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டால் மயங்கிய ஆளைத் தூக்கினால் உடல் மடங்கி, திறப்பில் சிக்கிக்கொள்ளும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது மேல். நல்ல பயிற்சிகளில், ஆள் கனத்துக்கு மண் நிரப்பிய பொம்மையைத் தொட்டிக்குள் போட்டு, முதலில் வெறுங்கயிற்றால் இழுக்கச் சொல்கிறார்கள். வாட்டசாட்டமான இளைஞர்களும் திணறிப்போவார்கள். பிறகு அதே பொம்மையை ஒரே ஆள் விஞ்சில் சுற்றி மேலே கொண்டுவருவார். குதித்துத் தூக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை உடைக்க அந்தச் சில நிமிடங்கள் போதும்.

ஆக்சிஜன் கிடைக்காத மூளை நான்கைந்து நிமிடங்களில் பாதிக்கப்படத் தொடங்கும். தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்துக்குள் அது வந்து சேரும் என்று நம்பி ஆளை இறக்க முடியாது. மூக்கில் கட்டிய துணியும், கடையில் கிடைக்கும் ஃபில்டர் முகமூடியும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எதற்கும் உதவாது. இல்லாத காற்றை எந்த ஃபில்டரும் உண்டாக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகவோ முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்தோ காற்று வர வேண்டும்.

ஒரு டேப் சுருளுக்காக

2005 நவம்பர் 5. அமெரிக்காவின் டெலவேர் சிட்டியில் வலேரோ நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த ஒரு ரியாக்டருக்குள் நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல்திறப்பில் குழாயைப் பொருத்த வந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். உள்ளே கிடந்த டேப் சுருளை எடுக்க முயன்றவர் மயங்கி உள்ளே விழுந்தார். காப்பாற்ற இறங்கிய சக தொழிலாளியும் மயங்கினார். இருவரும் இறந்தார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட வேலை பர்மிட்டில், நைட்ரஜன் குறித்த இடத்தில் ‘பொருந்தாது’ என்று குறிக்கப்பட்டிருந்தது.

உள்ளே இறங்கும் வேலையே அன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். நாற்றமில்லாத, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் இருக்கிற ஒரு வாயுதான் இருவரையும் கொன்றது. 1992 முதல் 2002 வரை அமெரிக்காவில் நைட்ரஜனால் மட்டும் 80 பேர் மூச்சடைத்து இறந்ததாக அந்நாட்டின் வேதி விபத்து விசாரணை வாரியம் 2003இல் கணக்குச் சொல்லியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒப்பந்தக் குழுவுக்குச் சொல்ல வேண்டியது ஆலை நிர்வாகம் என்பது அங்கே 1993 முதல் விதியாகவே இருந்தது. விதி இருந்தது; தகவல் போய்ச் சேரவில்லை.

சட்டம் சொன்னது

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவே இப்படிப்பட்ட இடங்களில் இறங்குவதற்கான நிபந்தனைகளைத் தெளிவாக எழுதிவைத்தது. தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து எழுத்துமூலம் சான்று தர வேண்டும்; இல்லாவிட்டால் சுவாசக் கருவியும், கயிறு கட்டிய பெல்ட்டும் வேண்டும்; அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் விளக்கு, தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றது அதன் 36ஏ பிரிவு.

சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அங்கே நடக்கும் மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. யாரை இறக்குகிறோம் என்பதில் இந்தச் சமூகத்தின் சாதி இருக்கிறது. அதைப் பேசாமல் ஹார்னஸைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. எனவே எந்தப் பயிற்சியிலும் முதல் கேள்வி ‘எப்படி இறங்குவது’ என்பதல்ல, ‘ஆள் இறங்கியே ஆக வேண்டுமா’ என்பதுதான். ஜெட் ராடிங் இயந்திரமும் உறிஞ்சு லாரியும் செய்து முடிக்கக்கூடிய வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆளை இறக்குவதும் தவறுதான்.

ரேட்டில் எழுதப்படாத வரி

வேறு வழியே இல்லாமல் ஆள் இறங்கும் வேலைகள் ஆலைகளில் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற குழுவும் ஏன் விதியை மீறுகிறது? தொட்டிக்கு இவ்வளவு என்று ரேட் பேசியிருக்கும். ட்ரைபாட், ப்ளோயர், மீட்டர் வாடகை, மேலே ‘சும்மா’ நிற்பவரின் கூலி எல்லாம் அந்த ஒரே தொகைக்குள்தான். குறைந்த ரேட் சொன்னவர் எதைக் குறைத்திருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமல்ல. மீட்புக் கருவிகளுக்கும் மேலே நிற்பவருக்கும் டெண்டரில் தனித்தனி வரி ஒதுக்கி, அந்த வரிகளில் பேரம் இல்லை என்று ஆலை அறிவித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி இது: காலையில் மீட்டர் ஆக்சிஜனை 18 என்று காட்டுகிறது. மேலே நிற்பவர் வேலையை நிறுத்துகிறார். ப்ளோயர் ஓடியும் எண் ஏறவில்லை. குழு சாயங்காலம் கைவிரித்துத் திரும்புகிறது. அன்றைக்குக் கூலி உண்டா? இந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் ‘உண்டு’ என்று எழுதியிருந்தால், பயிற்சியில் கற்றதைத் தொழிலாளி செயலில் காட்டுவார். எழுதியிருக்காவிட்டால், வகுப்பில் தலையாட்டியவர்களும் தொட்டிக்குள் இறங்குவார்கள். அந்தக் குற்றத்தை அவர்கள் தலையில் மட்டும் சுமத்த முடியாது.