அடடே, இங்கே கடலா!

ஆங்கிலப் பத்திரிகைகளின் அரசியல் பத்திகளில் 'ஷாக்ட், ஷாக்ட்' என்று இரண்டு முறை வரும். அச்சுப்பிழை அல்ல. 1942-இல் வெளிவந்த 'காசாபிளாங்கா' படத்தில் ரிக் என்பவரின் விடுதியை மூடச் சொல்கிறார் போலீஸ் கேப்டன் ரெனோ. உள்ளே சூதாட்டம் நடக்கிறதே என்று 'ஷாக்ட், ஷாக்ட்' என்கிறார், பேரதிர்ச்சியாம். அந்த நேரம் பார்த்து விடுதி ஊழியர் வந்து, கேப்டனே சூதில் ஜெயித்த பணத்தை நீட்டுகிறார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, கூட்டத்தை வெளியே விரட்டுகிறார் கேப்டன். கிளாட் ரெய்ன்ஸ் துளி கூச்சமில்லாமல் நடித்த கட்டம் அது.

பெரம்பலூரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். இந்தத் தொடரை விளக்க எனக்குப் படம் நடக்கும் மொராக்கோ தேவையில்லை, எங்கள் மாவட்டத்துக் குன்னம் போதும். 2020-இல் அங்கே உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்ததும், டைனோசர் முட்டை என்று செல்போனில் செய்தி பறந்தது. முட்டையல்ல, அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரியைச் சுற்றி இறுகிய படிவங்கள் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். உடனே நாங்கள் எல்லாரும், "அடடே, இங்கே கடலா இருந்துச்சு?" என்று வாயைப் பிளந்தோம்.

எங்களுக்கா தெரியாது? சாத்தனூரில் அந்தக் கடலில் புதைந்து 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-லேயே நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்துவிட்டார். பள்ளிச் சுற்றுலாவில் அதன் கம்பிவேலியைப் பிடித்து நிற்காத பிள்ளை இங்கே உண்டா? அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலையே 1979-இல் வந்தது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் நாள்முழுக்க லாரியில் போகிறது. அந்தப் புழுதியைத் தின்றுகொண்டே பைக் ஓட்டுகிறோம். அதே சிமெண்டில் மாடி கட்டி, திண்ணையில் உட்கார்ந்து ஆச்சரியப்படுகிறோம். கேப்டன் வாங்கிய பணம் போலத்தான் எங்கள் மாடியும்.

நத்தைபோல் சுருண்ட கல்லை முதன்முதலாகக் கையில் எடுக்கும் குழந்தையின் வியப்புக்கு இந்தத் தொடர் பொருந்தாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதில் பங்கும் இருக்க வேண்டும். அப்போதுதான் 'ஷாக்ட், ஷாக்ட்'. அளவுக்கு மீறி ஏற்றிய லாரி கவிழ்ந்ததும் பேட்டி கொடுக்கும் லாரி முதலாளிக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

நிஜமாகவே வியக்க விரும்புகிறவர்கள் அரியலூர் பக்கம் வாரணவாசிக்கு வாருங்கள். அங்கே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது.