டீசல் லாரி எஞ்சினின் உட்பழுதை அறிதல்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலை, களியக்காவிளையைக் கடந்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகச் செல்கிறது. இவ்வழியே பாரமேற்றி வரும் லாரி வலுக்குன்றி நின்றால், எஞ்சினைப் பிரிக்குமுன் அதன் உட்பழுதைப் புறக்குறிகளால் அறிதல் வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்று ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அழுத்தப்படும்போது உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே அழுத்தம் கசிந்தால் வலு குறையும். எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து புகை வேகமாக வெளிவருமாயின், பிஸ்டன் வளையங்களோ சிலிண்டர் லைனரோ தேய்ந்திருக்கலாம். எண்ணெய் வடிகட்டியில் உலோகத்துகள் மின்னுமாயின் பேரிங்குகளைச் சோதித்தல் வேண்டும்.

ரேடியேட்டரில் நீர் குறைந்து, எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் காணப்படுவது அபாயக்குறியாகும். ஹெட் கேஸ்கட் பழுதுற்றோ, ஹெட்டில் விரிசல் கண்டோ எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம். அத்தகைய எண்ணெய் பேரிங்குகளைக் காக்காது. அடுத்த ஊர் வரையேனும் போகலாமென ஓட்டினால், கேஸ்கட்டோடு முடியவேண்டிய செலவு கிராங்க் ஷாப்ட் வரை நீளும். சிலிண்டருக்குள் நீர் தேங்கியிருப்பின் ஸ்டார்ட்டரை இயக்கலாகாது. நீர் அழுத்தத்துக்குச் சுருங்காதாதலால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றுதல் வேண்டும்.

பழுதுபார்க்கையில் ஹெட்டின் சமதளத்தைச் சோதித்து, புதிய கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்குதல் வேண்டும். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிய பின்னரே எஞ்சினை இயக்குதல் தகும்.