சவ்வை வெட்டிய பிறகு

கருவில் இருக்கும் குழந்தை ஏறக்குறைய 10ஆம் வாரத்திலேயே சிறுநீரை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரில் பெரும்பகுதி அந்தச் சிறுநீர்தான். குழந்தை அதை விழுங்குகிறது, நுரையீரலுக்குள் இழுத்து வெளியே விடுகிறது. நுரையீரல் விரிந்து வளர இந்த நீர் வேண்டும்.

இந்த ஓட்டத்தை ஒரு சின்னச் சவ்வு தடுத்துவிட முடியும். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் பாதைக்குச் சிறுநீர்த்தாரை என்று பெயர். சில ஆண் குழந்தைகளுக்கு அதன் தொடக்கப் பகுதியில், வெங்காய அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் தோலைப் போல, ஒரு மெல்லிய மடிப்பு உருவாகிறது. மருத்துவர்கள் இதைப் பின் சிறுநீர்த்தாரை வால்வு என்கிறார்கள். சுமார் 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த ஹியூ ஹாம்ப்டன் யங் 1919இல் இதன் வகைகளைப் பிரித்துக் காட்டினார்.

தடை சிறியதுதான், பாதிப்போ மேலே ஏறிக்கொண்டே போகிறது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை தடிக்கிறது. மேலேயுள்ள குழாய்கள் வீங்கி நெளிகின்றன. அழுத்தம் சிறுநீரகத்தை எட்டுகிறது. பனிக்குட நீர் மிகவும் குறைந்துபோனால் நுரையீரலும் வளராது. பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறுவதற்கான காரணம் சிறுநீர்ப் பாதையில் இருக்கக்கூடும் என்பது வியப்பான உண்மை.

உடல் சும்மா இருப்பதில்லை. சில குழந்தைகளில் சிறுநீர் முழு வேகத்தோடு ஒரே ஒரு சிறுநீரகத்துக்குள் திரும்பி ஏறுகிறது. அந்தச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. ஆனால் அழுத்தம் அங்கே வடிந்துவிடுவதால் மற்றொன்று தொடக்க காலத்தில் ஓரளவு தப்பிக்கிறது. அந்தப் பாதுகாப்பு ஆயுள் முழுக்க நீடிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

சிகிச்சையின் முதல் படி, மெல்லிய டியூப் செலுத்திச் சிறுநீரை வடிப்பது. ரத்தத்தின் உப்புகள் சீரானதும், சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனே உள்ள உள்நோக்குக் கருவி சிறுநீர்த்தாரைக்குள் போகிறது. அதன் வழியாகவே சவ்வை வெட்டிவிடுகிறார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அடைப்பு போனாலும், மாதக்கணக்கில் போராடித் தடித்த தசை பழைய நிலைக்கு எளிதில் திரும்பாது. நலிந்த சிறுநீரகம் நீரைச் சுண்டவைக்க முடியாமல் நீர்த்த சிறுநீரை ஏராளமாக உண்டாக்குகிறது. இரவு முழுக்கச் சிறுநீர்ப்பை நிரம்பி வழிய, அழுத்தம் மறுபடி மேலே ஏறுகிறது. ஸ்டீஃபன் காஃப் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2002இல் இந்தச் சுழலை விளக்கினார்கள். அவர்கள் சொன்ன வழி மிக எளியது: தூங்கும் நேரத்தில் டியூப் வைத்துச் சிறுநீர்ப்பையைக் காலியாக வைத்திருப்பது.

டெல்லி எய்ம்ஸின் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைத் துறை அடைப்பு போன பிறகும் சிறுநீரகம் ஏன் நலிகிறது என்ற புதிருக்குள் வேறொரு கதவு வழியாக நுழைந்தது. அழுத்தத்தால் தவிக்கும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் தொடர்விளைவாக ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, சிறுநீரகத் திசுவில் தழும்பு கூடுகிறது. ரத்தத்தில் ரெனினின் செயல்பாட்டை அளந்தால் சிறுநீரகத்தின் போக்கைக் கணிக்க முடியுமா? மினு பாஜ்பாயும் சக ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியோடு தங்கள் முதற்கட்ட முடிவுகளை 2005இல் வெளியிட்டார்கள். இந்தத் தொடர்விளைவைத் தடுக்கும் மருந்துகளும் நம்மிடம் இருக்கின்றன. பெரியவர்கள் ரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் சில மாத்திரைகள் செய்வது இதே வேலையைத்தான்.

தூங்கும்போது டியூப் வைக்கும் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு: டியூப் செலுத்துவதே சில சிறுவர்களுக்குப் பெரும் வேதனை. சிறுநீர்த்தாரையில் அவர்களுக்கு முழு உணர்ச்சி உண்டு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் மித்ரோஃபனாஃப் 1980இல் இதற்கும் உதவக்கூடிய துணிச்சலான ஒரு வழியை அறிமுகப்படுத்தினார். பயனற்றது என்று பலரும் நினைக்கும் குடல்வாலை எடுத்து, சிறுநீர்ப்பையிலிருந்து வயிற்றுத் தோல்வரை ஒரு புதுப் பாதையாக அவர் தைத்தார். அதன் வாயைத் தொப்புளுக்குள் மறைத்தும் வைக்கலாம். பையன் தானே டியூப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகலாம்.

இத்தனை உத்திகளும் காப்பது சிறுநீரகத்தைத்தான். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், முதல் வயதில் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மருத்துவர்கள் நம்பிக்கை கொள்கிறார்கள். பதின்பருவத்தில் உடல் வேகமாக வளரும்போது சிறுநீரகத்துக்கு மீண்டும் ஒரு சோதனை வருகிறது. ஆகவே, ஆபரேஷன் முடிந்துவிட்டது, பையன் ஓடியாடுகிறான் என்று பரிசோதனைகளை நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பகால ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் தெரிந்தாலும், பிறந்த ஆண் குழந்தைக்குச் சிறுநீர் பீய்ச்சி வராமல் சொட்டினாலும், உடனே குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். சவ்வை எந்த நாளிலும் வெட்டிவிடலாம். இழந்த சிறுநீரகத் திசுவை எந்த அறுவைச் சிகிச்சையாலும் மீட்க முடியாது.